ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டே மருத்துவ ஆய்விதழ்களை இலவசமாகப் படிக்க

தொண்டி முதல் சாயல்குடி வரை, பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கிற மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், ஆய்வக நுட்புநர்களுக்காக இது எழுதப்படுகிறது. ஆய்விதழ்களைத் தேடிப் பழக்கமில்லை என்றாலும் பரவாயில்லை. ஓர் ஆண்ட்ராய்டு போனும் ஜிமெயில் கணக்கும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

தேடிய கட்டுரை கிடைத்து, அதைத் திறந்ததும் முப்பது நாற்பது டாலர் கட்டு என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். அதே கட்டுரை வேறோர் இடத்தில் சட்டப்படியே இலவசமாக இருக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை அது.

ஹினாரி நமக்கு இல்லை

வளரும் நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களுக்கு இலவச இதழ்கள் என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஹினாரி. உலக சுகாதார நிறுவனம் பெரிய பதிப்பகங்களுடன் சேர்ந்து 2002 ஜனவரியில் தொடங்கிய திட்டம். இப்போது ரிசர்ச்4லைஃப் என்ற கூட்டுத்திட்டத்தின் ஒரு பகுதி. ஏ பிரிவு நாடுகளில் உள்ள நிறுவனங்களுக்கு முழு இலவசம். பி பிரிவு நாடுகளில் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 1,500 டாலர். தனிநபர் வருமானத்தோடு நாட்டின் மொத்த வருமானத்தையும் பார்த்துத்தான் இந்தப் பட்டியலைப் போடுகிறார்கள். இந்தியா இரண்டு பிரிவிலும் இல்லை. அதனால் அந்தத் தளத்தில் பதிவு செய்யப் பார்த்து ஒரு மாலைப் பொழுதை வீணாக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுக்களில் சில நேரம் ஹினாரி கடவுச்சொல் என்று ஒன்று சுற்றும். அதைத் தொடாதீர்கள். அது வேறொரு ஏழை நாட்டின் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ கொடுத்தது. வெளியாட்கள் பயன்படுத்துவது தெரிந்தால் அந்த நிறுவனத்தின் கணக்கே முடக்கப்படலாம். இழப்பு அங்கே இருக்கும் செவிலியருக்கும் நோயாளிக்கும்.

தேடுவதற்கு முன் கேள்வியை எழுதுங்கள்

நம் கரையில் அடிக்கடி வரும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கரைவலை இழுத்தவருக்கோ பாசி எடுக்கப் போன பெண்ணுக்கோ சொறி, அதாவது ஜெல்லிமீன், பட்டு, கை முழுக்கக் கோடுகோடாகத் தடித்து, எரிச்சலோடு வருகிறார். வெந்நீரா, பனிக்கட்டியா, வினிகரா?

போனை எடுப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எந்தப் பலனைப் பார்க்கிறோம். இங்கே, சொறி பட்டவருக்கு, வெந்நீர், பனிக்கட்டியோடு ஒப்பிட்டு, வலி எவ்வளவு குறைந்தது. இந்த நான்குக்கும் ஆங்கிலச் சொற்களை எதிரே எழுதிக்கொள்ளுங்கள். ஜெல்லிஃபிஷ், ஸ்டிங், ஹாட் வாட்டர், பெயின். அறிவியல் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். சொறிகள் அடங்கும் தொகுதியின் பெயரான நிடேரியா, ஆங்கிலத்தில் ஒலிக்காத 'சி' எழுத்தில் தொடங்கும். காதில் விழுந்தபடி 'என்' போட்டுத் தேடினால் ஒன்றும் வராது.

பப்மெட்டில் தேடுவது

பப்மெட் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளம். 1997 முதல் யாரும் காசில்லாமல் தேடலாம். மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் அதில் உள்ளன. விவரங்கள் மட்டும்தான்: தலைப்பு, ஆசிரியர்கள், சுருக்கம். முழுக் கட்டுரை வேறிடத்தில் இருக்கும். புதியவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். முழுக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் இலவசக் களஞ்சியத்தின் பெயர் பப்மெட் சென்ட்ரல், சுருக்கமாகப் பிஎம்சி. அது 2000இல் தொடங்கியது. பெயர்கள் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு.

தேடல் பெட்டியில் உங்கள் நான்கு சொற்களில் முதல் இரண்டை மட்டும் முதலில் இடுங்கள். இரண்டுக்கும் நடுவே 'ஆண்ட்' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் அவற்றை 'ஆர்' போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் மூன்றாவது சொல்லைச் சேருங்கள். ஐந்தாறுதான் வந்தால் ஒரு சொல்லைக் குறையுங்கள். நான்கையும் முதலிலேயே போட்டால் நல்ல கட்டுரைகள் பல விடுபட்டுப்போகும்; எழுதியவர் 'வலி' என்ற சொல்லையே சுருக்கத்தில் பயன்படுத்தாமல் இருந்திருக்கலாம்.

மேற்கோள் குறி போடுவதில் கவனம் தேவை. குறி போடாவிட்டால் பப்மெட் உங்கள் சொல்லைத் தன் கலைச்சொல் பட்டியலோடு பொருத்தி, அதன் மாற்றுச் சொற்களையும் சேர்த்துத் தேடும். குறி போட்டால் அந்த உதவி நின்றுவிடும். தட்டிய சொற்கள் அப்படியே இருக்கும் கட்டுரை மட்டும் வரும். முதல் தேடலில் குறி வேண்டாம்.

அடுத்தது வடிகட்டிகள். போனில் பார்த்தால் 'ஃபில்டர்ஸ்' என்ற பொத்தானுக்குள் இருக்கும். 'சிஸ்டமேடிக் ரிவ்யூ' என்பதை முதலில் அழுத்திப் பாருங்கள். ஒரே கேள்விக்கு நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்ட கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் 'ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்', அதாவது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு.

'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' என்ற வடிகட்டியை மட்டும் கடைசியில் தொடுங்கள். இலவசம் என்பதாலேயே அதை முதலில் அழுத்துவது இயல்புதான். ஆனால் அப்படிச் செய்தால், உங்கள் கேள்விக்கு மிகச் சரியான ஆய்வு பூட்டிய இதழில் இருந்தால், அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். முதலில் எல்லாவற்றையும் பாருங்கள், தேவையான மூன்று நான்கு கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அவற்றை எப்படித் திறப்பது என்று யோசியுங்கள். இன்னொன்று: ஒரு தடவை போட்ட வடிகட்டி அடுத்த தேடலிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். நேற்று 'ஒரு வருடத்துக்குள்' என்று போட்டதை மறந்து இன்று கடல் பாம்புக் கடியைத் தேடினால், ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஒவ்வொரு தேடலுக்கும் முன் 'க்ளியர் ஆல்' அழுத்துங்கள்.

பிடித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பிஎம்ஐடி, பப்மெட் கொடுக்கும் எண். மற்றொன்று டிஓஐ, 10 என்ற எண்ணில் தொடங்கி நடுவே சாய்கோடு வரும் நீளமான அடையாளம். இதழ் தன் வலைமுகவரியை மாற்றினாலும் டிஓஐ மாறாது. பின்னால் வரும் எல்லா வழிகளுக்கும் சாவி இதுதான்.

பூட்டிய கட்டுரையைத் திறக்கும் வரிசை

பப்மெட் பக்கத்திலேயே 'ஃப்ரீ பிஎம்சி ஆர்ட்டிகிள்' என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. பிஎம்சியில் திறக்கும்போது பிடிஎஃப் வேண்டாம், வலைப்பக்கமாகவே படியுங்கள். சிறிய திரையில் இரண்டு பத்தியாக அச்சிட்ட பிடிஎஃப் கண்ணைக் கெடுக்கும். தனுஷ்கோடிப் பக்கமோ கடற்கரைச் சிற்றூர்களிலோ சிக்னல் போய்விடும் இடத்தில் வேலை என்றால், கிளம்புமுன் பிடிஎஃபை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அது இல்லையென்றால் தலைப்பை முழுதாக நகலெடுத்து கூகுள் ஸ்காலரில் போடுங்கள். முடிவுக்கு அருகே பிடிஎஃப் என்று தனியாக ஓர் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அடியில் 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒரு படி இருப்பது அங்கேதான் தெரியும். நிலையத்தில் கணினி இருந்தால் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ அன்பேவால் என்ற இலவச நீட்சியைச் சேர்த்துவிடுங்கள். பூட்டிய கட்டுரையின் பக்கத்தைத் திறந்ததும், சட்டப்படியான இலவசப் படி எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். அழுத்தினால் அங்கே கொண்டுபோய் விடும்.

இப்படிக் கிடைப்பது சில நேரம் 'ஆத்தர் மேனுஸ்கிரிப்ட்' ஆக இருக்கும். சக ஆய்வாளர்கள் சரிபார்த்து முடித்த, ஆனால் இதழின் அச்சு வடிவம் பெறாத படி அது. படிக்கத் தாராளமாகப் போதும். மருந்தளவு போன்ற எண்களை மட்டும் பின்னால் இதழில் திருத்தம் வெளியாகியிருக்கிறதா என்று பப்மெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 'ப்ரீப்ரின்ட்' என்று எழுதியிருந்தால் விஷயமே வேறு: யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை. அதை வைத்துச் சிகிச்சையில் எதையும் மாற்றக் கூடாது.

காத்திருந்தால் திறக்கும் கட்டுரைகளும் உண்டு. கோக்ரேன் என்பது ஒரு சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் பன்னாட்டு அமைப்பு. அதன் திறனாய்வுகள் வெளியாகி 12 மாதம் கழிந்தால் எல்லோருக்கும் திறந்துவிடும். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்களின் பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2025 ஜூலை 1 முதல் காத்திருப்பே கிடையாது. அதற்குப் பிறகு இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரை வெளியாகும் நாளிலேயே பிஎம்சியில் வந்தாக வேண்டும். அதற்கு முன் 12 மாதம் வரை தள்ளிப்போட இடம் இருந்தது.

கோக்ரேன் பற்றி இன்னொரு வார்த்தை. அதன் எளிய மொழிச் சுருக்கங்கள் பல தமிழிலும் உள்ளன. பக்கத்தின் மேலே மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம சுகாதார செவிலியர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது நேரடியாகக் கையில் கொடுக்கலாம்.

ஒரே நாடு ஒரே சந்தா: யாருக்கு, எப்படி

ஆய்விதழ்களுக்கான சந்தாவை மத்திய அரசே மொத்தமாகக் கட்டும் திட்டம் இது; மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25இல் ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக இணைப்பு மையம் நடத்துகிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. ஆரம்ப சுகாதார நிலையம் நேரடியாக இதில் வராது. இது பெரிய குறைதான்: ஆய்விதழ் மிகவும் தேவைப்படுவது நிபுணர் பக்கத்தில் இல்லாத இடத்தில்.

ஆனாலும் நம் மாவட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் நூலகரைப் போய்ப் பாருங்கள். போகும்போது தேவையான கட்டுரைகளின் டிஓஐ, இதழின் பெயர், ஆண்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: கல்லூரி இந்தத் திட்டத்தில் இணைந்துள்ளதா, வெளியிலிருந்து வரும் அரசு மருத்துவப் பணியாளர் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாமா. இரண்டாவதற்கான விதி பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும், எனவே நூலகர் சில இதழ்களுக்கு ஆம், சிலவற்றுக்கு இல்லை என்றால் அது அவர் கையில் இல்லாத விஷயம். உங்கள் நிலையத்துக்குப் பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்களுக்குக் கல்லூரியின் தொலைநிலை உள்நுழைவு இருந்தால், அவர்கள் தங்கள் படிப்புக்கு எங்கிருந்தும் பயன்படுத்தலாம். அவர்களின் கடவுச்சொல்லை மட்டும் வாங்காதீர்கள். ஒரே கணக்கில் மூட்டையாக இறக்கினால் பதிப்பகம் கல்லூரி முழுமைக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஆசிரியருக்கு எழுதுவது

இதைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர் தன் கட்டுரையை, கேட்டவருக்குத் தனிப்பட்ட படிப்புக்காக அனுப்புவது காலங்காலமாக உள்ள வழக்கம். அதில் அவருக்குச் செலவு எதுவும் இல்லை; படிக்க ஆள் இருக்கிறது என்று மகிழ்வார். 'கரஸ்பாண்டிங் ஆத்தர்' என்று குறித்தவரின் மின்னஞ்சல் பப்மெட்டிலேயே, ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே உள்ள முகவரிப் பகுதியைத் திறந்தால் பெரும்பாலும் இருக்கும். நான்கு வரி போதும்: நீங்கள் யார், எங்கே வேலை, கட்டுரையின் தலைப்பும் டிஓஐயும், எந்தக் கேள்விக்காக வேண்டும், நன்றி. தலைப்பு வரியில் 'ரீப்ரின்ட் ரிக்வெஸ்ட்' என்று போடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அடுத்த ஆசிரியருக்கு எழுதுங்கள்; முகவரி மாறிப்போனவர்கள்தான் அதிகம் பதில் தராதவர்கள்.

காப்புரிமையை மீறிக் கட்டுரைகளைக் கொட்டி வைத்திருக்கும் தளங்களை நிலையத்தின் கணினியில் திறக்க வேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு பக்கம். நோயாளிகளின் விவரம் உள்ள அதே கணினியில் போலித் தளங்களிலிருந்து வைரஸ் ஏறுவது அதைவிட மோசம்.

பூட்டே இல்லாத இடங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் 1913 முதல் வெளிவருகிறது, முழுதும் இலவசம். குழந்தைகளுக்கு இந்தியன் பீடியாட்ரிக்ஸ். ஆரம்ப சுகாதாரப் பணிக்கு இந்தியன் ஜர்னல் ஆஃப் கம்யூனிட்டி மெடிசின். வெளிநாட்டில் பிளாஸ் நெக்லெக்டட் டிராபிகல் டிசீசஸ், லேன்செட் குளோபல் ஹெல்த். எந்தத் திறந்த இதழ் நம்பத்தக்கது என்று பார்க்க டிஓஏஜே என்ற பட்டியல் 2003 முதல் இருக்கிறது. பாடப்புத்தகம் மாதிரி விளக்கம் வேண்டுமென்றால் என்சிபிஐ புக்ஷெல்ஃப், எம்எஸ்டி மேனுவல் இரண்டும் இலவசம்.

நம் கரைக்கென்றே உதவும் இரண்டு களஞ்சியங்கள் உண்டு. மருத்துவப் பணியாளர்கள் இவற்றை அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. மண்டபத்தில் வட்டார நிலையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டுரைக் களஞ்சியம் இணையத்தில் திறந்தே இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் எந்தச் சொறி, எந்தத் திருக்கை, எந்த விஷ மீன் எந்தப் பருவத்தில் வருகிறது என்று மருத்துவ இதழில் தேடினால் கிடைக்காது, இங்கே கிடைக்கும். மற்றொன்று தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியம். முதுநிலை மாணவர்கள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் செய்த ஆய்வுகள். சிறியவை, இதழ்களில் வராதவை பல. முடிவை எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும், ஆனால் நம் நோயாளிகளைப் போன்றவர்கள் அவற்றில் இருக்கிறார்கள்.

திறந்தாயிற்று, இனி படிப்பது

சுருக்கத்தோடு நிறுத்தாதீர்கள். சொறிக்கே வருவோம். மெடிக்கல் ஜர்னல் ஆஃப் ஆஸ்திரேலியாவில் 2006இல் வந்த ஓர் ஆய்வு, 96 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெந்நீரும் மற்றதற்குப் பனிக்கட்டிப் பொதியும் கொடுத்துப் பார்த்தது. இருபது நிமிடத்தில் வெந்நீர்க் குழுவில் 87 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. பனிக்கட்டிக் குழுவில் 33 சதவீதம். இது வாய்வழியாக நம்மிடம் வரும்போது 'வெந்நீர் ஊற்று' என்று மட்டும் வந்து சேரும். கட்டுரையில் இருப்பது 45 டிகிரி செல்சியஸ், ஊற்றுவது அல்ல, அமிழ்த்தி வைப்பது. அடுப்பிலிருந்து இறக்கிய நீரை, உணர்வு மரத்த கையில் விட்டால் கொப்புளம்தான் வரும். தெர்மாமீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் நோயாளி தன் நல்ல கையை முதலில் வைத்துத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, எந்த உயிரினம்? அந்த ஆய்வு புளூபாட்டில் என்ற ஒரே வகையைப் பற்றியது. இதே கேள்விக்கு 2013இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட கோக்ரேன் திறனாய்வைப் படித்தால், திரட்டிய ஆய்வுகள் சிலவே என்றும், அவற்றின் சான்று உறுதி குறைந்தது என்றும் சொல்கிறது. நம் கரையில் வேறு வகைகளும் உண்டு. ஒரு வகைக்கு உதவும் வினிகர் இன்னொரு வகைக்கு உதவும் என்று சொல்ல முடியாது. எனவே வந்தவரிடம் 'எப்படி இருந்தது, நீலமா, பெட்டி போலவா, வால் எவ்வளவு நீளம்' என்று கேட்டு எழுதி வைப்பதும் சிகிச்சையின் பகுதி.

கடல் பாம்பில் இது இன்னும் கூர்மை. ஆஸ்திரேலியக் கட்டுரைகளில் கடல் பாம்பு விஷமுறிவு மருந்து பற்றி வரும். நம் நிலையக் குளிர்பெட்டியில் இருக்கும் இந்தியக் கூட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே தயாரானது. கடல் பாம்பு அதில் இல்லை. இரண்டையும் ஒன்றென எண்ணி அளவை எடுத்துக் கையாண்டால் ஆபத்து. செவிலியரோ மருந்தாளுநரோ எதைப் படித்தாலும், அதைத் தாளில் எடுத்து மருத்துவ அலுவலரிடம் வைத்துப் பேசிய பிறகே நடைமுறையில் மாற்ற வேண்டும்.

ஒரு கட்டுரையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதற்கு முன் அதன் பப்மெட் பக்கத்தை மறுபடி திறந்து, 'ரிட்ராக்டட்', அதாவது திரும்பப் பெறப்பட்டது, என்ற எச்சரிக்கை மேலே இருக்கிறதா பாருங்கள். பெரிய இதழ் என்பது இதற்குக் காப்பு அல்ல: ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் பற்றி லேன்செட் 2020 மே 22இல் வெளியிட்ட கட்டுரை ஜூன் 4இல் திரும்பப் பெறப்பட்டது. இறக்கி வைத்த பிடிஎஃபில் இந்த எச்சரிக்கை தானாக வராது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் மேற்கோள்களுக்கும் இதே சோதனை: கொடுத்த பிஎம்ஐடியைப் பப்மெட்டில் தட்டுங்கள். அந்த எண்ணில் வேறு கட்டுரை வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ அந்த மேற்கோள் இல்லாத ஒன்று.

தினமும் தேட நேரம் இருக்காது. பப்மெட்டில் கூகுள் கணக்கு வழியாக உள்ளே நுழைந்து, நல்ல பலன் தந்த தேடலின் கீழ் 'கிரியேட் அலர்ட்' அழுத்தி, மாதம் ஒருமுறை என்று வையுங்கள். புதிதாக வந்தவை மின்னஞ்சலுக்கு வரும். ஒரு நிலையத்துக்கு நான்கைந்து அலர்ட் போதும்: பாம்புக்கடி, கடல் உயிரினக் காயம், சர்க்கரை நோயாளியின் கால்புண், கர்ப்பகால ரத்தசோகை, வெப்பத் தாக்கு. இறக்கிய கோப்புகளுக்கு ஆண்டு, முதல் ஆசிரியர் பெயர், பொருள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். நிலையத்தின் பொது மின்னஞ்சலில் அலர்ட் வைத்தால், நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் அடுத்து வருபவருக்கு வந்துகொண்டிருக்கும்.